ஆடியது, ஆட்டியது, ஆட்டுவித்தது

(பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. மனைவி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். கைடைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கும் வேலை கணவனுக்கு.)

கணவன்: அடுத்தது. 'நிலைகுலை' என்ற வினையைத் தன்வினையிலும் பிறவினையிலும் வைத்து வாக்கியம் அமை. ஏம்மா, பரீட்சையில் நாலு விடை கொடுத்து ஒன்றைக் கறுப்பாக்கத்தானே சொல்வான், வாக்கியம் எதற்கு?

மனைவி: சொந்தமாக அமைத்துப் பார்த்தால்தான் மண்டையில் நிற்கும். இருநூறு கேள்வியில் நூறு தமிழ்தான், தெரியுமில்ல? கேளுங்க. மாதக் கடைசியில் குடும்பம் நிலைகுலைந்தது, இது தன்வினை. தவணையில் புல்லட் வாங்கிய கணவன் குடும்பத்தை நிலைகுலைத்தான், இது பிறவினை.

கணவன்: புத்தகத்தில் இப்படியா போட்டிருக்கு?

மனைவி: புத்தகத்துக்குப் புல்லட் வாங்கியது எப்படித் தெரியும்?

கணவன்: 'ந்' போய் 'த்' வந்தது, அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் பழி என் தலையில்.

மனைவி: அந்த ஒரு எழுத்தில்தான் எல்லாமே இருக்கு. கவிழ்ந்தது, கவிழ்த்தது. சரிந்தது, சரித்தது. கலைந்தது, கலைத்தது. 'ந்த' என்றால் அது பாட்டுக்கு நடந்தது. 'த்த' என்றால் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார், அவர் கையில் 'ஐ' உருபோடு ஏதோ ஒன்று மாட்டியிருக்கு.

கணவன்: அப்படியானால் படிந்தது, படித்தது?

மனைவி: உங்கள் டிகிரி சர்டிபிகேட் மேல் தூசி படிந்தது. பாடத்தை நான் படித்தேன். இரண்டும் வேறு வேறு வினை, அதையெல்லாம் ஜோடி சேர்க்கக் கூடாது.

கணவன்: (பென்சிலால் எழுதுகிறான்) சரி, நானும் ஒன்று அமைக்கிறேன். எதிர்வீட்டு நாய் ராத்திரி முழுக்கக் குலைத்தது.

மனைவி: எதைக் குலைத்தது?

கணவன்: என் தூக்கத்தை.

மனைவி: அடடா, தெரியாமலேயே சரியாகச் சொல்லிட்டீங்க. தூக்கத்தைக் குலைத்தது என்றால் சரி. வெறுமனே சத்தம் போட்டது என்றால் குரைத்தது, ர போடணும். திண்ணையில் குலைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பரீட்சையில் மார்க் போய்விடும்.

கணவன்: நானா குலைக்கிறேன்?

மனைவி: எழுவாயை நான் சொல்லவே இல்லையே.

கணவன்: சரி, சொந்த விஷயம் வேண்டாம், அரசியலுக்குப் போவோம். 1999 ஏப்ரல் 17, வாஜ்பாய் அரசு, ஆதரவு 269, எதிர்ப்பு 270, ஒரே ஓட்டு! டீக்கடை ரேடியோவில் கேட்டபோது கையில் இருந்த கிளாஸ் ஆறியே போச்சு. அது கவிழ்ந்ததா, கவிழ்த்ததா?

மனைவி: ஆட்சி கவிழ்ந்தது, ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 'ஆட்சி கவிழ்த்தது' என்று மட்டும் எழுதிவிடாதீங்க, ஆட்சி எழுந்து போய் எதையோ கவிழ்த்த மாதிரி இருக்கும். கவிழ்ந்தது என்று நிறுத்தினால் யாருக்கும் வம்பில்லை. கவிழ்த்தார்கள் என்றால் யார் என்று அடுத்த வரியில் சொல்லணும், சொன்னால் டீக்கடை பெஞ்சு பறக்கும்.

கணவன்: பறந்தது. நானே பார்த்தேன்.

மனைவி: 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது என்று எழுதுகிறார்கள் பாருங்க, அது மூன்றாவது வழி. செயப்பாட்டு வினை. இன்னாரால் என்று போடலாம், போடாமலும் விடலாம்.

கணவன்: (நிமிர்ந்து உட்கார்கிறான்) போடாமலும் விடலாமா? இதை ஏன் இத்தனை வருஷம் எனக்கு யாரும் சொல்லவில்லை! புது மிக்சி ஜார் நேற்று உடைக்கப்பட்டது.

மனைவி: யாரால்?

கணவன்: அது விருப்பம்தானே?

மனைவி: அரசாங்கத்துக்கு விருப்பம். இந்த வீட்டில் ஆல் உருபு கட்டாயம்.

கணவன்: (அவசரமாகப் பக்கத்தைப் புரட்டுகிறான்) பிறவினை வாக்கியத்தைக் கண்டறிக. அ, கஜா புயலில் தென்னை மரங்கள் சாய்ந்தன. ஆ...

மனைவி: அது தன்வினை. ஆ-வைப் படியுங்க.

கணவன்: இரு. சாய்ந்தன என்று எவன் எழுதினான்?

மனைவி: மாதிரிக் கேள்விங்க அது.

கணவன்: 2018 நவம்பர் 16, விடியாத நேரம், வேதாரண்யம் பக்கம் கரையேறி நம் தோப்பு வழியாகத்தான் போச்சு. காலையில் போய்ப் பார்த்தால் அப்பா வைத்த பிள்ளையெல்லாம் குலையோடு, ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தது. அதுவாகச் சாயுமா? எந்தத் தென்னையாவது தூக்கம் வந்து சாய்ந்ததா? மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள், அதில் 500 வெட்டி அப்புறப்படுத்தும் கூலி. சாய்ந்தன என்று எழுதினால் மரத்தின் மேல் ஏதோ குற்றம் மாதிரி இருக்கு. சாய்த்தது! புயல் சாய்த்தது!

மனைவி: (கொஞ்ச நேரம் கழித்து) ஆ-வில் அதுதான் இருக்கும், பாருங்க.

கணவன்: (பார்க்கிறான்) ஆமாம். புயல் தென்னை மரங்களைச் சாய்த்தது. சரி, ஆ.

மனைவி: பார்த்தீங்களா, வேறு யாரோ செய்தது என்றால் உங்களுக்குப் பிறவினை நல்லா வருது.

கணவன்: அடுத்த கேள்வி. ஆடினான், ஆட்டினான், ஆட்டுவித்தான், விளக்குக.

மனைவி: ஆடினான் என்றால் அவனே. ஆட்டினான் என்றால் வேறொன்றை. ஆட்டுவித்தான் என்றால் நடுவில் ஓர் ஆளை வைத்து வேலையை முடித்துக்கொள்வது. 'வி' வந்தாலே மேலே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

கணவன்: அப்பர் தேவாரத்தில்கூட வருமே.

மனைவி: வரும். அங்கே ஆட்டுவிப்பவர் சிவபெருமான்.

கணவன்: வாக்கியத்தில் சொல்லு.

மனைவி: தஞ்சாவூருக்குப் போய் கோச்சிங் சேரலாம் என்ற என் முடிவு ஆடியது. அந்த முடிவைக் கணவன் ஆட்டினான், 'பஸ் சரியில்லை, பிள்ளைக்கு யார் சோறு போடுவது' என்று. கணவனைக் கொண்டு ஆட்டுவித்தார்.

கணவன்: யார் ஆட்டுவித்தார்? வாக்கியம் பாதியில் நிற்குது.

மனைவி: முழு வாக்கியம்தான். தோன்றா எழுவாய்.

கணவன்: மெதுவாகச் சொல்லு. எழுவாய் உள்ளே சீரியலை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம்தான் தோன்றிக்கொண்டிருக்கு.