மிரர் சிக்னல் எரியலைன்னா முழு மிரரையும் மாற்ற வேண்டாம்

"சிக்னல் எல்இடி போனா முழு சைட் மிரரையும்தான் மாத்தணும்"னு மேலே சொன்ன அண்ணே, அது சரியில்லை. பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு தனிப் பாகம். இடது, வலது வேறு வேறு, பார்த்து வாங்குங்க.

முதலில் சோதனை. மிரர் கண்ணாடியை ஒரு பக்கமா முழுசாச் சாய்த்து, இடைவெளியில் பிளாஸ்டிக் நெம்பியை விட்டு மெதுவா இழுத்தா கழன்று வரும். வெயிலில் காய்ந்த கிளிப் சட்டென்று உடையும், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிறகு மேல்மூடி, விளக்கின் ஸ்க்ரூ, வயர் சாக்கெட்னு வரிசையாக் கழற்றுங்க. சிக்னல் போட்டு சாக்கெட்டில் டெஸ்ட் லேம்ப் (மின்சாரம் வருதான்னு காட்டும் சோதனை விளக்கு) வையுங்க. மின்னினால் விளக்குதான் போச்சு. மின்னலைன்னா புது விளக்கு வாங்கியும் பயனில்லை. மிரர் மடங்கும் இடத்தில் வயர் அறுந்திருக்கும், இல்லை சாக்கெட்டில் பச்சையா அரிப்பு பூத்திருக்கும்.

கோலாலம்பூர் மழைக்குத் தண்ணீர் புகாம இருக்க சிலிக்கோன் பசை பூசுறவங்க கவனிங்க: மிரர் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையை அடைக்காதீங்க, தண்ணீர் வடிய அதுதான் வழி. அடைத்தா புது விளக்கும் கெடும்.

சிக்னல் வழக்கத்தைவிட வேகமா மின்னினா, மிரரைத் தொடுறதுக்கு முன்னாடி காரின் முன், பின் சிக்னல் பல்புகள் எரியுதான்னு பாருங்க.