மீல் என்ற சொல்லைத் திட்டாதீர்கள், எந்த விலங்கு என்று கேளுங்கள்

நேற்று குரூப்பில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாய்க்கு வாங்கிய பாக்கெட்டைப் படம் எடுத்துப் போட்டு "இது நல்லதா?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். லேபிளில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலின் முதல் பெயர் சிக்கன் மீல். உடனே ஆரம்பித்துவிட்டார்கள். எலும்புக் குப்பையாம், விஷமாம். வளர்க்க வக்கில்லாதவர்களுக்கு நாய் எதற்கு என்றுகூட ஒருவர் கேட்டார். ராத்திரி அவள் பதிவையே அழித்துவிட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை.

மீல் குப்பை இல்லை. இறைச்சியை வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, ஈரம் வற்றவைத்து அரைத்த தூள். செல்லப்பிராணி உணவுக்கான வரையறைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆஃப்கோ சொல்வதைப் பாருங்கள். சிக்கன் மீலில் சதை, தோல் இருக்கும், எலும்பும் இருக்கலாம். இறகு, தலை, கால், குடல் கூடாது. கழுத்தும் காலும் குடலும் போவது பை-புராடக்ட் மீல் என்ற மிச்சப் பாகங்களின் தூளில். அது வேறு, இது வேறு.

"அசல் சிக்கன்தான் முதலில் வர வேண்டும்" என்று அடித்துச் சொன்னவர்களுக்கு ஒன்று. அந்தப் பட்டியலின் வரிசை சமைப்பதற்கு முந்தைய எடையை வைத்துப் போடுவது, எடை கூடியது முதலில். பச்சைச் சிக்கனில் நூற்றுக்கு 70 பங்கு தண்ணீர். உலர் உணவாகி வெளியே வரும்போது மிஞ்சும் ஈரம் 10 பங்குதான். முதலில் நின்ற சிக்கன் அதற்குள் எத்தனையாவது இடத்துக்கு இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டீர்களா? மீலில் தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டது. அதன் எடையில் பெரும்பகுதி புரதம். இவ்வளவுதான் விஷயம். இதற்கா ஒரு பெண்ணை அழவைத்தீர்கள்?

எங்கள் நாய் வெள்ளையன் ராத்திரி முழுக்க முன்னங்காலை நக்கிக்கொண்டே இருப்பான். விளக்கை அணைத்தால் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். எச்சில் பட்டுப் பட்டு விரலிடுக்கு வெள்ளை முடி துருப்பிடித்த நிறமாகிவிட்டது. மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார், சாப்பாட்டில் மாடு இருக்கிறதா என்று கேட்டார். பாக்கெட்டின் பொடி எழுத்தை போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தேன். "இறைச்சி மீல்" என்று மட்டும் இருந்தது. மாடா, ஆடா, பன்றியா? கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். "தரமான விலங்குப் புரதம்" என்று பதில் வந்தது. என் பிள்ளை காலைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான், எந்த விலங்கு என்று சொல்ல அவர்களுக்கு மனசில்லை.

டாக்டர் சொன்ன ஒரே சாப்பாட்டை எட்டு வாரம் கொடுத்தோம், நக்குவது நின்றது. மறுபடி மாட்டிறைச்சி கொடுத்துப் பார்த்தோம், திரும்ப ஆரம்பித்தான். இப்போது அவன் சாப்பிடும் பாக்கெட்டில் முதல் பெயர் என்ன தெரியுமா? மீன் மீல். நேற்று நீங்கள் விஷம் என்றீர்களே, அதே வகைதான்.

"கம்பெனிக்கு வக்காலத்தா?" என்பீர்கள். விலங்கின் பெயர் சொல்லாத அந்தக் கம்பெனியின் பாக்கெட்டை அன்றே நிறுத்தியவன் நான். "எல்லா மீலும் ஒரே தரமா?" என்றால், இல்லை. எந்தப் பாகம் போட்டார்கள், எவ்வளவு சூட்டில் வேகவைத்தார்கள் என்பதைப் பொறுத்துச் செரிமானம் மாறும். அதை லேபிள் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பச்சைச் சிக்கன் நல்ல சிக்கனா என்பதையும் அதே லேபிள் சொல்லாதே! அதை ஏன் யாரும் கேட்கவில்லை? "வீட்டில் கறி வேகவைத்துப் போடு" என்பவர்கள், வெறும் கறியில் கால்சியம் போதாது என்பதை முதலில் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த விலங்கு? சிக்கன் மீல், மீன் மீல் என்று பெயர் இருந்தால் யோசித்து வாங்கலாம். வெறும் "இறைச்சி மீல்" என்றிருந்தால் அங்கே கோபப்படுங்கள், நானும் வருகிறேன். அதைத் தயாரித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தெரியாமல் கேட்ட பிள்ளையிடம் உங்கள் வீரத்தைக் காட்டிவிட்டீர்கள். தெரியாததைக் கேட்பது அன்பில்லாத குணமா? அன்பில்லாதவள் எதற்கு லேபிளைப் படிக்கிறாள்?

தங்கச்சி, இது உன் கண்ணில் பட்டால் பாக்கெட்டின் பின்பக்கத்தை இன்னொரு தடவை படம் எடுத்து அனுப்பும்மா. ஈரப்பதம் போட்ட வரியும் தெரியட்டும். சேர்ந்து படிப்போம்.