மேல ஒழுகுற ஆயிலுக்கு கீழ சம்ப்ப கழட்டுன மகராசன்

இன்னைக்கு காலைல வாசல்ல மறுபடியும் அதே கருப்பு வட்டம். அம்மா கோலம் போடுற எடத்துல, நேரா நடுவுல. போன புதன்கிழமைதான்யா ஆயில் ஒழுகல சரி பண்ண மெக்கானிக்கிட்ட 3,500 ரூபா எண்ணி வச்சுட்டு வண்டிய எடுத்துட்டு வந்தேன். அஞ்சு நாள் கூட ஆகல. வயிறு எரியுது.

வண்டி 2003 மாருதி 800, அப்பா வாங்குனது, விக்கிறதா இல்ல. "பழசுன்னா ஒழுகத்தான் செய்யும்"னு யாரும் சொல்லாதீங்க, அதக் கேட்டுக் கேட்டு காது புளிச்சிருச்சு. ரெண்டு பாகத்துக்கு நடுவுல ஆயில் கசியாம அடைக்கிற பேக்கிங் செத்தா ஒழுகும், மாத்துனா நிக்கும், அவ்ளோதான்.

போன மாசம் ஏற்காடு போறோம், மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஏழாவதுலயே கருகுற வாடை, பானெட் இடுக்குல புகை, பின்னாடி அம்மா முந்தானையால மூக்க பொத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. இதத்தான் அந்த மெக்கானிக்கிட்ட வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். "மலை ஏறுறப்ப புகையுதுண்ணா, மேலருந்து மேனிஃபோல்டுல சொட்டுது போல, டேப்பெட் கவர் பாருங்க"ன்னேன். டேப்பெட் கவர்னா இஞ்சின் தலைல இருக்குற மூடி, மேனிஃபோல்டுன்னா சூடா கொதிக்கிற புகைக் குழாய். அவரு பானெட்டையே தொறக்கல! செல்போன் லைட்ட அடிச்சுக்கிட்டு கீழ படுத்தாரு, அஞ்சு செகண்டு, எந்திரிச்சாரு. "சம்ப் பேக்கிங் போச்சுங்ணா." சம்ப்புன்னா இஞ்சினுக்கு அடில ஆயில் தேங்குற தட்டு. ஒருக்கா துடைச்சுட்டு பாருங்கண்ணான்னு கெஞ்சுனேன். "இருவது வருசமா இதே வேலைதாங்ணா பாக்கறேன்"னாரு. ஆயிலு மேலருந்து கீழதான் ஓடும், எங்க ஒழுகினாலும் கடைசில சம்ப்புலதான் வந்து சொட்டும், இது இருவது வருசத்துல ஒரு தடவ கூடவா தோணாது? சொட்டுற எடமா ஒழுகுற எடம்? கூரை ஒழுகுனா தரையவா அடைப்பீங்க?

சரின்னு இன்னைக்கு நானே எறங்குனேன். மண்ணெண்ணெய் தொட்டு பழைய வேட்டித் துணியால இஞ்சின் பூரா துடைச்சு, கீழ அட்டை விரிச்சு, பத்து நிமிசம் ஓட விட்டு டார்ச் அடிச்சா, டேப்பெட் கவரோட பின் மூலைலருந்து தேன் மாதிரி ஒரு கோடு பளபளன்னு எறங்குது. பத்தே நிமிசம்! கவர கழட்டுனா உள்ள இருந்த ரப்பர் பேக்கிங் ரப்பராவே இல்ல, காஞ்ச கொடுக்காப்புளி தோலு மாதிரி கையோட நொறுங்குது. புதுசு 180 ரூபா. தடத்த சுத்தமா துடைச்சு பேக்கிங்க உக்கார வச்சு, பத்தாம் நம்பர் ஸ்பேனர்ல நடுவுலருந்து மாத்தி மாத்தி அளவா டைட் பண்ணேன். இஞ்சினுக்குள்ள சேர்ற காத்து வெளியேறுற ப்ரீதர் பைப்பையும் ஊதி அடைப்பு எடுத்தேன், அது அடைச்சிருந்தா உள்ள பிரஷர் ஏறி புது பேக்கிங்கையும் தள்ளிரும். ஒழுகல் நின்னுருச்சு.

நின்னுருச்சேன்னு கீழ படுத்து பாத்தேன் பாருங்க, அங்கதான் ரத்தம் கொதிச்சுது. சம்ப்ப சுத்தி சிலிக்கான் பேஸ்ட்ட முறுக்கு புழியற மாதிரி புழிஞ்சு வச்சிருக்காரு. வெளிய இவ்ளோ பிதுங்குனா உள்ளயும் பிதுங்கியிருக்கும்ல? அது பிஞ்சு விழுந்து ஆயில வடிகட்டுற ஸ்ட்ரெய்னர்ல அடைச்சா ஆயில் பம்புக்கு ஆயில் போகாது, இஞ்சினே ஜாம். நல்லா இருந்த சம்ப்ப காசு வாங்கிட்டு கெடுத்து வச்சிருக்கான் மனுசன். இப்ப நான் மறுபடியும் ஆயில் எறக்கி, சம்ப்ப கழட்டி, அத்தனையும் சொரண்டி எடுக்கணும். புது ஆயில் செலவு தனி.

கை முழங்கை வரைக்கும் கருப்பு. சோப்ப போட்டு தேச்சுட்டு கொழாய தொறந்தா, காத்து. எங்க தெருவுல தண்ணி விட்டு எட்டு நாள் ஆச்சு. மேட்டூர் அணைய எங்க சேலம் மாவட்டத்துக்குள்ளயே வச்சுக்கிட்டு கை கழுவ தண்ணியில்லாம நிக்கறோம்யா.