மேட்சனும் டோலரும் இல்லாமல் அந்த அணி ஏது?

1951-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக் கால்பந்து அணியைப் பற்றி யார் எழுதினாலும் கதை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. தென் மாநிலங்களில் நடக்கும் பௌல் போட்டியில் ஆட வேண்டுமானால் கறுப்பின வீரர்கள் இருவரையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அணி அதை ஏற்க மறுத்தது. அந்த மறுப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் அது சொல்லப்படும் விதத்தில் எனக்கு நீண்ட நாளாக ஒரு மனக்குறை உண்டு. வெள்ளையின வீரர்களின் பெருந்தன்மையாகவே அதைச் சொல்லிச் சொல்லி, ஆலி மேட்சனையும் பர்ல் டோலரையும் மற்றவர்களின் தயவைப் பெற்ற இருவராகச் சுருக்கிவிட்டோம். விட்டுக்கொடுக்கும்படி ஒரு வாய்ப்பு அந்த அணிக்கு வந்ததே அவர்கள் ஆடிய ஆட்டத்தால்தான் என்பது பேச்சில் வருவதே இல்லை.

இங்கே கால்பந்து என்று நான் சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியை முட்டிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தை. கல்லூரிப் பருவம் முடிந்ததும் சிறந்த அணிகளைப் புத்தாண்டை ஒட்டி நடக்கும் பௌல் போட்டிகளுக்கு அழைப்பார்கள். யாரை அழைப்பது என்பது அன்று பெரும்பாலும் அந்தந்தப் போட்டிக் குழுவின் விருப்பமாக இருந்தது. ஓர் அழைப்பு புகழை மட்டுமல்லாமல் பெரும் பணத்தையும் கொண்டுவரும்.

டான்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்த அணி, இயேசு சபையார் நடத்திய சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்தது. பயிற்சியாளர் ஜோ குஹாரிச் கண்டிப்புக்குப் பேர்போனவர். அந்தப் பருவத்தில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் அணி வென்றது. மேட்சன் 1,566 யார்டு தூரம் பந்தோடு ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுசேர்க்கும் டச் டவுன்களில் 21-ஐயும் எடுத்து, இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம் பெற்றார். தாக்குதலில் ஓடி முடித்த கையோடு தடுப்பிலும் இறங்கி நின்றவர் அவர். நியூயார்க்கில் ஃபோர்தம் அணியை 32-26 என்று போராடி வென்ற ஆட்டத்தில், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து மைதானத்தின் மறுமுனை வரை இரண்டு முறை ஓடி மதிப்பெண் எடுத்தார். இத்தனைக்குப் பிறகும், சிறந்த கல்லூரி வீரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் கோப்பைக்கான வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம்.

டோலரின் பங்கு எண்களில் தெரியாதது. அவர் தடுப்பு வரிசையின் தூண். பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற ஜீனோ மார்செட்டியும் பாப் செயின்ட் கிளேரும் அதே அணியில் ஆடியவர்கள். மேட்சனையும் சேர்த்தால் ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர். இப்படி ஓர் அணி அமைவது எவ்வளவு அரிது என்பதை இந்த விளையாட்டைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவார்கள்.

பௌல் அழைப்பு கிடைக்காததற்குக் காரணமாக, இந்த அணி ஆடிய எதிரணிகள் வலுவானவை அல்ல என்று அப்போது சொல்லப்பட்டது. இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. டான்ஸிடம் 47-14 என்று தோற்ற பசிபிக் கல்லூரி அணி, அதே பருவத்தில் சன் பௌல் போட்டிக்குப் போய் ஆடியது. தோற்ற அணிக்குக் கதவு திறந்தது, வென்ற அணிக்கு மூடியது என்றால் எதிரணியின் வலுவையா காரணமாகச் சொல்வது?

கறுப்பின வீரரை ஊரிலேயே விட்டுவிட்டுத் தெற்கே போவது அன்று புதிதும் அல்ல. பாஸ்டன் கல்லூரி தன் வீரர் லூ மாண்ட்கோமரியை ஆட விடாமலே 1940-இல் காட்டன் பௌலிலும் 1941-இல் சுகர் பௌலிலும் ஆடியது. டான்ஸ் வென்றுகொண்டிருந்த அதே 1951 அக்டோபரில், ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட், பந்து தன் கையில் இல்லாத நேரத்தில் தாக்கப்பட்டுத் தாடை உடைந்தார். அந்தத் தாக்குதலைப் படம்பிடித்தவர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மேட்சனும் டோலரும் ஒவ்வொரு வாரமும் களமிறங்கியது அப்படிப்பட்ட காலத்தில். துணிவு என்று எதையாவது சொல்வதானால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நிபந்தனை காதுக்கு எட்டியபோது வாக்கெடுப்பும் நடக்கவில்லை, விவாதமும் நடக்கவில்லை என்றே அணியில் இருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். இதில் எனக்கு வியப்பு இல்லை. கடும் வெயிலில் ஒன்றாகப் பயிற்சி எடுத்து, ஒரே பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்து, மேட்சனுக்காக வழி திறந்துவிட்டும் டோலரின் தோளோடு தோள் நின்றும் ஆடியவர்களுக்கு, அவர்கள் இருவரும் இல்லாத அணி தங்கள் அணியாகவே தோன்றியிருக்காது. அந்த மறுப்பின் அழகே அதுதான். அதில் தயவு என்ற எண்ணத்துக்கே இடமில்லை. ஆனால் இழப்பு உண்மையானது. ஏற்கெனவே கடனில் இருந்த கால்பந்துத் திட்டத்தைப் பருவம் முடிந்ததும் பல்கலைக்கழகம் கைவிட்டது. பௌல் போட்டியின் வருமானம் வந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பலரும் சொல்வதுண்டு. நிபந்தனை விதித்தவர்களோ எதையும் இழக்கவில்லை; அவர்களுடைய அரங்குகள் அந்தப் புத்தாண்டிலும் நிரம்பின.

மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் வென்று, பிறகு தொழில்முறை ஆட்டத்திலும் பெரும் பெயர் பெற்றார். டோலருக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. அதே ஆண்டு சிகாகோவில் கல்லூரி நட்சத்திரங்கள் ஆடிய ஆட்டத்தில் முழங்கால் சிதைந்து, வீரராக அவருடைய வாழ்க்கை முடிந்தது. அவர் ஆசிரியரானார், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியராகவும் உயர்ந்தார். 1965-இல், தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் தேசியக் கால்பந்துக் கழகத்தின் முதல் கறுப்பின நடுவராகி, 25 பருவங்கள் களத்தில் நின்றார். அந்தக் கழகத்தின் ஆணையராக அப்போது இருந்தவர், 1951-இல் டான்ஸ் அணியின் விளம்பரப் பொறுப்பைக் கவனித்த பீட் ரோசல்.

டான்ஸ் தங்கள் கடைசி ஆட்டத்தை, லயோலாவை 20-2 என்று வென்ற அந்த நவம்பர் ஆட்டத்தை, ஆடியது பசடேனாவின் ரோஸ் பௌல் அரங்கில். 1980 ஜனவரியில் அதே அரங்கில், தேசியக் கால்பந்துக் கழகத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் நடந்தபோது, நடுவர் குழுவில் ஒருவராகப் பர்ல் டோலர் அந்தப் புல்தரையில் இறங்கினார். சூப்பர் பௌலில் நடுவராக நின்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.