குறைஞ்ச மணிநேரம் பறந்த ஜெட்னா செலவே வராதா?

வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துது: பழைய கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 தனியார் ஜெட் வாங்கறப்போ பறந்த மணிநேரம் மட்டும் பாருங்க, கம்மியா இருந்தா புதுசு மாதிரி, பத்து வருஷத்துக்கு கை வைக்க வேணாம்னு. தப்புங்க.

ஜி550-க்கு பெரிய பராமரிப்பு சோதனை நிறைய காலண்டர் கணக்குலதான் வரும், அதுல பெரிய ஒண்ணு 96 மாசத்துக்கு ஒருதடவை வர்றது, பறந்தாலும் ஹேங்கர்லயே தூங்கினாலும் தேதி வந்தா செஞ்சே ஆகணும், உள் அலங்காரமெல்லாம் கழட்டி உடம்புல துரு இருக்கான்னு பாப்பாங்க. சொல்லப்போனா ரொம்ப நாள் சும்மா நின்ன விமானம்தான் எனக்கு பயம், ரப்பர் சீல் காயும், ஈரக்காத்துல துரு பிடிக்கும், ஷெட்ல மறந்துபோன அம்பாசிடர் கதைதான்.

அப்புறம் இன்ஜின். ரெண்டு ரோல்ஸ்ராய்ஸ் பிஆர்710. மணிநேரக் கணக்குல காசு கட்டுற கார்ப்பரேட்கேர் (ரோல்ஸ்ராய்ஸோட இன்ஜின் பராமரிப்புத் திட்டம்) மாதிரி திட்டத்துல இருக்கா, பாக்கி இல்லாம இருக்கா, வாங்குறவர் பேருக்கு மாத்த முடியுமான்னு எழுத்துல வாங்கணும். இல்லன்னா ஓவர்ஹால் (இன்ஜினைப் பிரிச்சு முழுசா சரிபண்றது) வர்றப்போ முழு பில்லும் உங்க தலையில, விலை சல்லிசா இருக்க காரணமே பல நேரம் இதுதான்.

அதே ஃபார்வர்ட்ல "எப்பவும் 12,500 கிலோமீட்டர் பறக்கும்"னும் இருக்கு. அந்த 12,500 கிலோமீட்டர், அதாவது 6,750 நாட்டிக்கல் மைல் கணக்கு, மாக் 0.80 (ஒலி வேகத்துல 80 சதவீதம்) வேகத்துல, 8 பயணிகளோட போட்டது. வேகத்தை ஏத்தினா, எதிர்காத்து அடிச்சா குறையும்.

அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி, விக்கிறவருக்கு சம்பந்தமில்லாத வொர்க்‌ஷாப்ல வாங்குறதுக்கு முன்னாடி செய்யுற ப்ரீ-பை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிக்கோங்க, லாக்புக்ல (பறந்தது, ரிப்பேர் பண்ணது எல்லாம் எழுதுற பதிவேடு) ஒரு பக்கம் காணோம்னாலும் விலையை குறைச்சு பேசுங்க.