வடாம் காவலுக்குப் பிள்ளைகளை விடுங்கள்

கீரை ஆயும் இடத்தில் மூன்று வயதுக் குழந்தை வந்து உட்கார்ந்தால் பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது? "நீ போய் விளையாடு கண்ணு" என்று கிளப்பிவிடுகிறோம். அது விளையாடத்தான் வந்திருக்கிறது. தண்டு முறியும் சத்தம், இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் புழு, விரலில் ஒட்டும் மண் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு கைப்பேசியைக் கொடுக்கிறோம். பிறகு, எந்நேரமும் அதையே பார்க்கிறது என்று திட்டவும் செய்கிறோம். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

வேலை வேறு, விளையாட்டு வேறு என்று பிரித்தவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கோடு கண்ணில் படுவதே இல்லை.

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் வடாம் பிழிவார்கள். விடியும் முன்பே ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்துப் பிழிந்து முடித்ததும், காக்காய் விரட்டும் பொறுப்பு எங்களுக்கு வரும். கையில் கம்பு, நிழலுக்கு ஒரு குடை. அரசாங்க உத்தியோகம் கிடைத்ததைப் போல உட்கார்ந்திருப்போம். வெயில் ஏற ஏற, ஓரத்து வடாம்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மேலே காய்ந்து உள்ளே கொழகொழவென்று, பச்சை மிளகாய்க் காரமும் எலுமிச்சைப் புளிப்புமாக இருக்கும் அந்த அரைக்காய்ச்சல் வடாமின் ருசி, பொரித்த வடாமுக்குக் கிடையாது. பாட்டிக்கு எல்லாம் தெரியும். எங்களுக்கென்றே ஓரத்தில் ஒரு வரிசை கூடுதலாகப் பிழிந்திருப்பார்.

கடைக்குப் போவதும் அப்படித்தான். எண்ணெய் வாங்கப் புறப்பட்ட பையன் நுங்கு தின்று முடித்த இரண்டு வெற்றுக் காய்களைக் குச்சியில் கோத்து வண்டியாக்கி, வாயாலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு ஓடுவான். சொன்ன சாமானில் ஒன்று மறந்துபோகும். இன்னொரு நடை ஓடலாமே என்று அதிலும் அவனுக்குச் சந்தோஷம்தான்.

நம் முன்னோர்கள் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு. மணலில் சிறுவீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதைக் காலால் சிதைக்க வேண்டாம் என்று பாட்டுடைத் தலைவனாகிய சிறுவனைக் கெஞ்சும் பருவம் அது. அம்மா நடத்தும் வீட்டைத்தான் மகள் மணலில் நடத்திப் பார்க்கிறாள்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். நல்ல பொம்மைகள் பக்கத்திலேயே இருந்தும் அந்தக் குழந்தைகள் அவற்றைச் சீந்தவில்லை என்பதைக் கண்டார். துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகள் அவருடைய கல்விமுறையில் பாடமாகவே ஆயின. அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரின்போது கொடைக்கானலிலும் வாழ்ந்தார். இன்று ஒரு கிண்ணத்துப் பருப்பை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றப் பழக்கும் பள்ளிக்குப் பணம் கட்டிப் பிள்ளையை அனுப்புகிறோம். அதே பிள்ளை வீட்டில் அரிசி அளக்க வந்தால் "கொட்டிவிடுவாய், தள்ளிப் போ" என்கிறோம். கொட்டட்டுமே. கூட்டிப் பெருக்கவும் அதற்கு ஆசைதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளையின் முதுகில் பாத்திரத்தையும் துணியையும் ஏற்றிவிட்டு ஆண் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அலுத்துப்போனால் பாதியில் எழுந்து ஓடும் உரிமை இருக்கும்வரைதான் அது விளையாட்டு. அந்த உரிமை இருவருக்கும் வேண்டும். கீரைத் தட்டும் இருவர் முன்னாலும் இருக்க வேண்டும்.

நேரமில்லை என்பவர்களின் சிரமம் புரிகிறது. பள்ளி வேன் வாசலில் நிற்கும்போது யாராலும் குழந்தையிடம் சப்பாத்தி மாவைக் கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கொடுக்கலாம். உருட்டி, தரையில் போட்டு, எடுத்து, மறுபடி உருட்டி, மாவு சாம்பல் நிறமாகிவிடும். அதற்கென்று சுத்தமான ஓர் உருண்டையைத் தனியாக எடுத்துவைத்து, கோணலாக வந்தாலும் கல்லில் போட்டுச் சுட்டு, அந்தக் குழந்தையின் தட்டிலேயே வையுங்கள். தொட்டுக்கொள்ளக்கூட எதுவும் கேட்காமல் தின்று முடித்துவிடும்.