வயதானால் 4 மணி நேரத் தூக்கம் போதுமா?

60 வயதைத் தாண்டியவர்களுக்கு 4, 5 மணி நேரத் தூக்கமே போதும் என்று ஒரு கருத்து இருக்கிறது. பலரும் அதை ஆமோதித்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

வயதோடு குறைவது தூக்கத்தின் தேவை அல்ல, தொடர்ந்து தூங்கும் திறன். ஆழ்ந்த உறக்கம் குறைகிறது, நடுவில் விழிப்பு வருகிறது, உடலின் கடிகாரம் முன்னால் நகர்வதால் சீக்கிரமே கண் சொக்கி விடியும் முன்பே விழிப்பு தட்டுகிறது. இதைப் பார்த்துத்தான் "பெரியவர்களுக்கு இவ்வளவுதான் தூக்கம்" என்று நாம் நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவின் நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் 2015இல் வெளியிட்ட பரிந்துரையில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் என்றே இருக்கிறது. அந்த அமைப்பின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

வீட்டிலேயே சரிபார்க்கவும் வழி உண்டு. இரண்டு வாரம் ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் விழித்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மத்தியானத் தூக்கத்தையும், நாற்காலியில் கண்ணயர்ந்த நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும், பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். இரவில் 5 மணி நேரம், பகலிலும் அசதி என்று வந்தால் அந்தத் தூக்கம் போதவில்லை என்றே அர்த்தம். அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். தயவுசெய்து அப்பா அம்மாவிடம் "வயசானா இப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.